காதோடு பேசத் தெரியாத போன்

2008 பிப்ரவரி எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம், அந்த வெள்ளை வேன் கடலூரை விட்டுக் கிளம்பியது. உள்ளே ஆறு பேர், நான்கு கேமரா, குறிப்பு எழுதி ஒட்டும் மஞ்சள் சீட்டு முந்நூறு. பார்வையற்றவர்களை ஒன்பதே நாளில் புரிந்துகொண்டுவிட்ட திருப்தி ஆறு முகத்திலும் இருந்தது. ஒன்பது நாளும் அவர்கள் தங்கியது பாண்டிச்சேரியில். கடலூரில் நல்ல அறை கிடைக்காது என்றார்கள். கிடைக்கும். பாண்டிச்சேரியில் எது மலிவு என்பது ஊருக்கே தெரியும்.

அவர்கள் புரிந்துகொண்டதாகச் சொன்ன ஆள் ஜான்சி. திருப்பாதிரிப்புலியூரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. அப்போது வயது இருபத்தொன்பது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவள் பெயருக்கு வந்த பூத் அது. பாதி இடத்தில் அவள் அண்ணன் ராபர்ட் ஜெராக்ஸ் மெஷின் போட்டிருந்தான்.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் இருந்த நேரம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று எல்லோரும் பயன்படுத்தக்கூடிய சாதனங்களை வடிவமைக்கிறது, கடலூருக்கு வரும் அதன் குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அதனால் ஜான்சி என்ன சொன்னாள், அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது இரண்டும் எனக்குத் தெரியும்.

ஜான்சிக்கு டிசைன் என்ற சொல் புடவையில்தான் தெரியும். ஆனால் அவள் வீட்டு டி.வி. ரிமோட்டிலும் பூத்தின் பில் மெஷினிலும் ஃபேன் சுவிட்சிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். நிறுத்துவதற்கு எல்லாவற்றிலும் ஒரு பொட்டு. ஆரம்பிப்பதற்கு எல்லாவற்றிலும் இரண்டு. எந்தச் சாமானைத் தொட்டாலும் விரலுக்கு ஒரே கணக்கு. கண் மங்கியவர்கள், படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் புதிதாக வாங்கிய போனை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். பூ விற்கும் கொளஞ்சியம்மாளின் போனைச் சரிசெய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்ட அழுத்திப் புடிக்கா. சிங்கப்பூர்ல மவன் எடுப்பான்."

"மூணு?"

"மூணு மருமவ. அத அழுத்தாத."

"அப்ப அதுல எதுக்குடி பொட்டு ஒட்டுன?"

"தெரியாம அழுத்திடக் கூடாதுல்ல."

குழு இதையெல்லாம் படம் எடுத்தது. அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்று மூன்றாம் நாள் ஆறு பேரும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குள் நடந்தார்கள். ஒருவர் இளநீர்க் குலைகளின் மேல் விழுந்தார். குழுத் தலைவி அனுப்பிரியா டெல்லியில் வளர்ந்தவள், தமிழ் அரைகுறை. துணியை அவிழ்த்ததும் அழுதுவிட்டாள். எவ்வளவு இருட்டு என்றாள். அதை ஜான்சியிடம் சொன்னேன்.

"இருட்டுன்னா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. பாவம், அவுங்களுக்குக் கண்ணு போயி அஞ்சு நிமிசந்தான் ஆவுது. எனக்கு இருவத்தொம்பது வருசம் சர்வீசு."

இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். யாராவது பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் போனால் ஜான்சி ரேடியோவைப் போடுவாள். வெளியே வந்ததும் நிறுத்துவாள். அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது. உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கும். "அவுங்க வூட்டு சங்கதி எனக்கு எதுக்கு?" என்பாள். எட்டு வருஷமாக அதுதான் அவள் வழக்கம். இதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அனுப்பிரியா மஞ்சள் சீட்டில் எழுதினாள்: 'இவருக்கு இசை பிடிக்கும்.'

ஜான்சி கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு வர்ற மெசேஜ எனக்கு மட்டும் படிச்சுச் சொல்லணும். காதுல. இப்ப எல்லாத்தையும் எங்கண்ணந்தான் படிச்சு சொல்லுது."

காரணம் இருந்தது. சென்னையில் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தவள் அவள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு மனு போட்டிருந்தாள். அங்கே ஆபீசில் இருந்த கயல்விழி ஒரு காலத்தில் பூத்துக்கு வந்து பேசிப் பழகியவள். இடம் காலியானால் சொல்கிறேன் என்றிருந்தாள். ராபர்ட்டுக்கு இது தெரியாது. தெரிந்தால் விடமாட்டான். ஜான்சி போய்விட்டால் அவள் பெயரில் இருக்கும் பூத்தும் போய்விடும்.

ஜூலையில் கூரியரில் போன் வந்தது. சோப்பு டப்பா அளவு, மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். உள்ளே அறுபது பாட்டு. இயர்போன் சொருக ஓட்டை இல்லை. பார்வையற்றவர்களுக்கு ஒயர் சிக்கலாக இருக்கும் என்று கருதி நீக்கிவிட்டோம் என்று கடிதம் சொன்னது. இதே குரல் நாளைக்கு ஏ.டி.எம்.மிலும் டி.வி.யிலும் பேசும், எல்லாச் சாதனத்திலும் ஒரே அனுபவம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"ஏ.டி.எம்.லயும் இப்பிடித்தான் கத்துமா?" என்றாள் ஜான்சி.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நல்லது. திருடன் கஷ்டப்பட வேணாம்."

ஆனாலும் வைத்துக்கொண்டாள். மெசேஜைப் படித்துச் சொல்லும் சாதனம் அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சத்தத்தை ஒரு அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. துண்டில் நாலு சுற்றுச் சுற்றி, காதோடு அழுத்திக் கேட்டாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கடையில் மூன்று பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். போன் தானாகவே ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை, வெள்ளைக்காரப் பாதிரியார் பிரசங்கம் செய்வதைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தது. "கயல்விழி. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் வேலைக்கு திங்கள் காலை பத்து மணிக்கு வரவும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றதால் பூத்துக்குப் போன் செய்யவில்லை."

ஜெராக்ஸ் மெஷின் நின்றது.

"எனக்குத் தெரிய வேணாமா? நான் என்னா வழிப்போக்கனா?" என்றான் ராபர்ட்.

"நீ அண்ணன்தான். மெசேஜ் எனக்கு வந்துது."

"கண்ணு தெரியாத பொண்ண தினமும் தனியா பஸ்ஸு ஏத்தி உட்டா என்னைப் பத்தி என்னா பேசுவாங்க? பூத்து உன் பேர்ல இருக்கு. நீ போயிட்டா புடுங்கிக்கினு போயிடுவான்."

"அப்ப தங்கச்சின்னு சொல்லாதண்ணா. லைசென்சுன்னு சொல்லு."

அவன் கண்ணாடிக் கதவுக்குள் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஜான்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலைக்கு வரமாட்டாள் என்றான். அவன் பேசி முடிக்கும்வரை ஜான்சி ரேடியோவைப் போடவில்லை.

திங்கட்கிழமை வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

நடந்ததை அப்படியே அனுப்பிரியாவுக்கு எழுதினேன். மனதைத் தொட்டது என்று பதில் வந்தது. பிறகு அறிக்கையும் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் இந்தச் சம்பவம் இப்படி இருந்தது: 'சாதனம் குடும்பத்தினரிடையே வெளிப்படையான உரையாடலைத் தொடங்கி வைத்தது.' பக்கத்தில் சிரித்த முகம் வரைந்த வட்டம் வேறு.

மறு வருஷம் ஊரில் எல்லார் கையிலும் செல்போன். பூத்துக்குள் ஆள் நுழைவது நின்றது. அப்போது ராபர்ட்டுக்குத் தங்கையின் முன்னேற்றத்தில் திடீர் அக்கறை வந்தது. "எதுனா வேலைக்குப் போயேன், இங்கியே ஏன் குந்திக்கினு இருக்க?" என்று அவனே கேட்டான். ஜான்சி அதற்குள் பயிற்சிக்கால சிநேகிதி ஒருத்தி மூலமாகச் சென்னையிலிருந்து பழைய பட்டன் போன் ஒன்று வாங்கியிருந்தாள். திரையை வாசிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. இயர்போன் ஓட்டையும் இருந்தது.

ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடியே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு மெசேஜ்?" என்றான் ராபர்ட்.

"எனக்கு."

போன வருஷம் சேர்ந்தவர் நின்றுவிட்டார், வியாழக்கிழமை வர முடியுமா என்று கயல்விழி கேட்டிருந்தாள். வியாழக்கிழமை ஜான்சி தனியாகவே சிதம்பரம் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு போய் இறங்கினாள். வேலை கிடைத்தது. பூத் போயிற்று. ராபர்ட் ஜெராக்ஸை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டான். ஊர் அவனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது.

ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்ச் மெஷினிலும் பொட்டு ஏறியது. அங்கே நோயாளிகளை நோயின் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிடுவது வழக்கம். 'மூலத்துக்கு வந்த பெரியவர் உள்ளே வரவும்' என்றால் கூடமே திரும்பிப் பார்க்கும். மைக் தன் மேஜைக்கு வந்த முதல் வாரமே ஜான்சி அதை நிறுத்தினாள். நர்ஸுகள் முணுமுணுத்தபோது, "நம்பரச் சொல்லு, போதும். வேற எதுவும் ஊருக்கு வேணாம்" என்றாள். இதற்கு அவளுக்கு மஞ்சள் சீட்டு தேவைப்படவில்லை.

நான் மறுபடி ஊரை விட்டுப் போய், 2012 நவம்பரில் திரும்பினேன். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்தாள். குரல் அனுப்பிரியாவின் பெயரைச் சொன்னது. அடுத்து ஆங்கிலத்தில் 'இமேஜ்' என்றது. அதோடு சரி.

அந்த அழைப்பிதழ் காலையில் எனக்கும் வந்திருந்தது. மஞ்சள் போனுக்கு, எல்லோரையும் உள்ளடக்கிய வடிவமைப்பு என்று ஒரு விருது. பெங்களூரில் விழா. நடுவில் ஜான்சியின் முகம், சுற்றிலும் அழகான எழுத்தில் அழைப்பு. அத்தனையும் ஒரே படம். அவள் போன் மென்பொருளால் அதை வாசிக்க முடியாது.

"படிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். எனக்குத்தான அனுப்பிருக்காங்க."

பொத்தான்களைத் தடவி அவளே பதில் அடித்தாள். 'ஒன்றும் வரவில்லை. எழுதி அனுப்பவும்.'

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. அதே படம்தான், இந்தத் தடவை இன்னும் பெரிதாக.