மாதையன் லாரியின் கியர் பாக்ஸ்

வண்டி ஓடினால் சாமி புண்ணியம், நின்றால் டிரைவர் பாவம், இரண்டுக்கும் நடுவில் கையில் கிரீஸோடு குழம்பி நிற்பவன்தான் மெக்கானிக். வண்டி வைத்து அவதிப்படும் உங்களுக்குத்தான் என் தலைவலி புரியும். அறுபதுகளின் கடைசியில், லேத்துக்காரர் காதர் பாயும் நானும் பாலக்கோட்டில் கூட்டாகப் பட்டறை நடத்தினோம். அந்தக் காலத்தில் என்னைப் படாதபாடு படுத்தியது ஒரே ஒரு கியர் பாக்ஸ்.

கையை எடுக்காத டிரைவர்

மாரண்டஹள்ளி மாதையனின் தக்காளி லாரி மூன்றாவது கியரில் அலறிக்கொண்டு வந்தது. டிரைவர் வேடியப்பனைக் கொஞ்சதூரம் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கை கியர் ராடைவிட்டு நகரவில்லை, இடது கால் கிளட்சைவிட்டு இறங்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. கையின் கனம் உள்ளே கியரை உரச வைக்கும், பாதி மிதித்த கிளட்ச் சீக்கிரம் தேய்ந்துபோகும், மாற்றும்போது மட்டும் முழுசாக மிதி என்று சொன்னேன். வேடியப்பன் தலையாட்டினான். ஓனருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இன்னொருக்கா இந்தப் பொட்டியப் பிரிக்க வந்தா, இவன் வேற வண்டி பாத்துக்கட்டும்ங்க மேஸ்திரி."

தொப்பூர் இறக்கம்

இரண்டே மாதத்தில் லாரி மறுபடி வந்தது. கியர் விழவே இல்லை. உள்ளே எண்ணெய் கருகி, தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. டீசல் மிச்சம் பிடிக்க வேடியப்பன் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறான், அதில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். "கடைசி வாய்ப்பு" என்று மாதையனிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிவிட்டு, புது எண்ணெய் ஊற்றி, தொப்பூர் கணவாய்க்கு அவனோடு போனேன். மனுஷன் இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரில், கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, தேர் மாதிரி இறக்கினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தலை சுற்றியது.

"நீங்க சொன்னபடிதாங்க ஓட்டறேன். இந்த வேலைய நம்பித்தாங்க வூட்ல அடுப்பே எரியுது."

ஊதிப்போன பெட்டி

அடுத்து லாரி அதே கோளாறோடு வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். இறங்கியதுமே மாதையன், "உனக்கு வேலையில்லே, போய்யா" என்றுவிட்டார். வேடியப்பன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் எண்ணெய் அளவு பார்க்கும் மூடியைத் திருகினேன். ஒழுகிக் குறைந்திருக்கும் என்று நினைத்தால், எண்ணெய் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. நான் ஊற்றியதைவிட அதிகம்! கியர் எண்ணெயின் கொழகொழப்பும் இல்லை. எங்கேயோ தெரிந்த வாசனை, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. காதர் பாயும் மோந்து பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"மாடா இருந்தா சினைன்னு சொல்லிடலாம். கியர் பாக்ஸ் எப்படிங்க ஊதும்?"

சனிக்கிழமைக் குளியல்

என்னதான் ஆச்சு என்று மாதையனும் என் பக்கத்தில் குனிந்தார். அவர் தலையிலிருந்தும் அதே வாசனை. நல்லெண்ணெய்! சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர். வண்டி ஓடி வந்தால் கியர் ராடு இருக்கும் இடம் கையை வைக்க முடியாமல் கொதிக்கிறதாம். அதற்கும் உடம்புச் சூடு தணியட்டும் என்று, அன்றைக்குக் காலையில் டிரைவர் வருவதற்குள் கியர் ராடின் ரப்பரைத் தூக்கி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் ஒரு கிண்ணம் வாரம் தவறாமல் ஊற்றியிருக்கிறார். எண்ணெய் அளவுக்கு மீறினால் நுரைத்துச் சூடேறும், நல்லெண்ணெய் சூட்டில் பிசினாகிவிடும் என்று விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். விஷயத்தைக் கேட்ட வேடியப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றான்.

"வர்றேங்க ஓனரே, ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியப் பூட்டிச் சாவிய நான் கொண்டுபோயிடுவேன்."

கவனிக்க ஆளில்லாமல் பாதி கியர் பாக்ஸும், பாசம் அதிகமாகி மீதிப் பாதியும் கெடுகின்றன, வந்திருப்பது எந்த வகை என்று மூடியைத் திறக்கும்வரை எனக்கு இன்றைக்கும் புரிவதில்லை.