கிரேஸத்தை சிரித்த கழுதைப் படம்

ரேணிகுண்டா ஜங்ஷனில் மெயில் வண்டி ஊதினால் சித்தூரில் கேட்காது. சித்தூரில் எங்கள் கிரேஸத்தை சிரித்தால் ரேணிகுண்டாவில் மெயில் வண்டி கிளம்பிவிடும், கார்டு பச்சைக்கொடி ஆட்டவே வேண்டாம். இதை ஃபோர்த் பாரம் பெயிலான மூளையை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. காதால் கேட்டுச் சொல்கிறேன்.

அத்தைக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சிரிப்பு இருக்கிறது. பிரசங்கத்தின் நடுவில் சிரித்து இரண்டு முறை கோயிலைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவள். அதில் ஒரு முறை உபதேசியாரின் குடைக்குள்ளிருந்து ஓணான் குதித்தது. அது எப்படி உள்ளே போனது என்பது எனக்கும் ஓணானுக்கும் மட்டும் தெரியும்.

டைரக்டர் வேதகிரி எடுத்த படங்களின் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் நிற்காது. ஊமை ராணி படம், தேர் கவிழ்கிற படம், கழுதைப் படம் என்போம். மற்றவர்கள் படத்தில் ராஜா வந்தால் எழுந்து நிற்கத் தோன்றும். வேதகிரி படத்தில் ராஜாவுக்குச் செருப்பு கடிக்கும். சாவு வீட்டில்கூட ஒருத்தன் ஓரமாக முறுக்கு தின்றுகொண்டிருப்பான். அவனைப் பார்த்த பிறகுதான் நமக்கு அழுகை வரும்.

கழுதைப் படத்தைச் சந்திரகிரிக் கோட்டையில் எடுத்தார்கள். தங்கை வீட்டுக்குப் போயிருந்த அத்தையும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாளாம். மந்திரி வேஷக்காரர் ஊர்வலம் வர, கழுதை முட்டி மடக்கி உட்கார்ந்துவிட்டது. அத்தை சிரித்துவிட்டாள். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். வேதகிரி மட்டும், அந்தச் சிரிப்பு இருக்கட்டும், அது இல்லாவிட்டால் சீனுக்கு உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் சிரிப்பை இருக்கட்டும் என்று சொன்ன ஒரே மனுஷர் அவர்தான்.

இந்தக் கதையை எட்டு வருஷமாகச் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. அவள் வாயால் பெயர் வந்ததே தவிர, அந்தப் படம் மட்டும் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. தேவானந்தம் வாத்தியார் பார்க்கும்போதெல்லாம், “இன்னா கிரேஸு, சினிமா ஸ்டாரு வேலைக்கு நடந்து போய்க்கினு கீறியே, காரு வர்லியா?” என்று கேட்பார்.

போன மாதம் வேதகிரி செத்துப்போனார். அவர் ஞாபகமாக டூரிங் டாக்கீஸில் ஒரு வாரம் அவர் படங்களையே போட்டார்கள். சனிக்கிழமை கழுதைப் படம். அத்தை வீடு வீடாகப் போய், வந்து காதால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். வாத்தியார் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் நான் ஆபரேட்டர் பாலையாவிடம் போய், சிரிப்பு எந்த ரீலில் வருகிறது என்று கேட்டேன். அவர் பிலிமைக் கையில் இழுத்துக் காட்டினார். “அந்த எடமே கிழிஞ்சி பூட்சிப்பா. வெட்டி ஒட்டிக் கீறாங்க. கழுதை முட்டி மடக்கும், அப்பால நேரா அரமனைதான்.”

அத்தை வீட்டுக்கு ஓடினேன். வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் படுதாவுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அத்தை மாதிரி சிரித்துக் காட்டி எத்தனையோ தடவை அவளிடமே குட்டு வாங்கியவன் நான். படத்தைப் பின்பக்கமிருந்து இடம் வலம் மாறிப் பார்த்தேன். மந்திரி வந்தார். கழுதை முட்டியை மடக்கியது. அடிவயிற்றிலிருந்து அத்தை சிரிப்பை எடுத்துவிட்டேன்.

கொட்டகையில் எல்லாத் தலைகளும் அத்தை பக்கம் திரும்பின. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து அசல் வந்தது. அத்தை சிரித்தாள். கூடாரத் துணியே உப்பியதுபோல இருந்தது. தரை டிக்கெட்டில் யாரோ தெலுங்கில், “ஆமெ நவ்வே காதா இதி!” என்றான். அவள் சிரிப்பேதான் என்று தமிழிலும் பத்துப் பேர் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். பாலையா ரீலைச் சுற்றி மறுபடி போட்டார். நானும் மறுபடி சிரிக்க வேண்டியதாயிற்று. அத்தை முதல் தடவையைவிடப் பெரிதாகச் சிரித்தாள்.

தேவானந்தம் வாத்தியார் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் அத்தைக்குப் போட்டார். பாக்கிப் படத்தை நின்றுகொண்டே பார்த்தார். படம் முடிந்ததும் வேதகிரியின் போட்டோவை ஸ்லைடாகப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அத்தை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சத்தமே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜனங்கள் அவளை நிறுத்திப் பேசினார்கள். கூட்டம் கலைந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆனதும் கேட்டாள்:

“டேய், அன்னிக்கி சந்திரகிரியில எனுக்கு சளி. சிரிக்க சொல்லோ நடுவுல ரெண்டு தபா இருமினேன். டைரக்டர் ஐயா இருமலும் இருக்கட்டும்னாரு. இன்னிக்கி அந்த இருமல் எங்கடா பூட்ச்சி?”

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டு தடவை சிரித்த தொண்டை கமறி, இருமல்தான் வந்தது.

“இப்ப இருமி இன்னாடா பிரயோஜனம்?” என்றாள்.