அம்மா குடித்த நாலு பாட்டில் மருந்து

பிள்ளைகளா, அம்மாவுக்கு ஆப்பரேஷன் ஆனபோது உங்கள் ரெண்டு பேரையும் அண்ணாமலை நகரில் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். வயிற்றில் கட்டி என்று மட்டும் சொன்னோம். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் சொன்னபோது, "யார்கிட்டயும் சொல்லாத, டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். நான் பலாப்பழ லோடு அடிக்கிற வண்டியிலேயே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே நோயாளிக்கு ஒரே ஸ்டூல். அதில் நான் உட்கார்ந்தேன். அம்மா பின்னால் நின்றாள். டாக்டர் ஆம்பளை. நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வயிறு ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "எனக்கு இல்ல சார், சம்சாரத்துக்கு" என்றேன். வாயுவுக்கு மருந்து எழுதினார். நான் சொன்னதற்கு அது சரியான மருந்துதான். மாதம் ஒரு தடவையாக நாலு தடவை போனோம். வாயு இல்லாத அம்மா நாலு பாட்டிலையும் குடித்து முடித்தாள்.

ஒருநாள் முந்திரி உடைக்கிற கொட்டகையில் மயங்கி விழுந்துவிட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"

"போன வாரம்" என்றேன்.

"எத்தன நாள் இருக்கும்?"

"அது கொஞ்சம் ஜாஸ்திதான்."

நர்ஸம்மா பேனாவை மூடினார். "உங்களுக்கா அண்ணே?"

"இல்லீங்க."

"அப்ப வெளிய மரத்தடியில பெஞ்ச் இருக்கு. காத்தா இருக்கும், போங்க."

போனேன். காற்று இல்லை. வெகுநேரம் கழித்து அம்மா வந்தாள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டு கையில் இருந்தது.

"என்னா சொன்னாங்க?"

"கேன்சரான்னு பாக்கணுமாம். கர்ப்பப்பையில சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்களாம். ஏன் இவ்ளோ நாளா வரலன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"வாயுக்குப் பாத்துக்கிட்டு இருந்தோம்னேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு."

எனக்கு வரவில்லை. கடலூரில் டெஸ்ட் எடுத்து, முடிவு வரும்வரை லோடு ஓட்டினேன். நாலு மாதத்தில் கேன்சர் எவ்வளவு வளரும் என்று கேட்க ஆள் தெரியவில்லை. திருவந்திபுரம் போய் பெருமாளிடம் நின்றேன். அங்கேயும் வயிறு என்றுதான் சொன்னேன்.

முடிவு சொல்கிற அன்று அம்மா மட்டும் உள்ளே போனாள். வெளியே வந்து, "கேன்சர் இல்லியாம். வெறும் கட்டிதான். கர்ப்பப்பைய எடுக்கணும். சாப்ட்டீங்களா?" என்றாள்.

ஆப்பரேஷன் முடிந்து பெண்கள் வார்டில் பெரியம்மா துணைக்கு இருந்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். குளிக்கப் போனால், பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மூடி வைத்த ஒரு பக்கெட். உள்ளே ரெண்டு பெட்ஷீட் ரத்தக் கறையோடு ஊறிக்கொண்டிருந்தன. நாம் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே தினமும் அலசியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

சோப்புப் போட்டுத் துவைத்தேன். கறை முழுக்கப் போகவில்லை. ரெண்டையும் எடுத்துப்போய்த் தெருவைப் பார்த்த கொடியில் விரித்துக் காயப்போட்டேன்.