மூன்றாம் மாடிப் பொறுப்பாளர்

தஞ்சாவூரில் எங்கள் புது நூலகம் திறந்தபோது நான்தான் அங்கே நூலகர். மூன்று மாடியாக வரைந்த கட்டடம். பாதி எழும்பிய பிறகுதான், கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு உயரம் கூடாது என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. இரண்டாம் மாடியோடு கூரை போட்டு முடித்தார்கள். அதற்குள் படிக்கட்டு மேலே கிளம்பியிருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து பன்னிரண்டு படி ஏறினால் கூரை. அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம்.

வரைபடத்தில் அரிய நூல் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அதைப் பார்த்து ஆளும் போட்டுவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை திருவாரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாப்பாட்டுக் கூடையோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். உத்தரவை நீட்டினார். 'மூன்றாம் மாடிப் பொறுப்பாளர்.'

"மேடம், மூணாவது மாடியே இல்லீங்க," என்றேன்.

"இல்லாமயா சார் ஆர்டர் போடுவாங்க?"

கூட்டிப்போய்க் காட்டினேன். கடைசிப் படியில் குனிந்து நின்று, கூரையை உள்ளங்கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"இல்லன்னு எழுதிக் குடுங்க. நான் ஊருக்குப் போறேன்."

எழுதி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கட்டடம் மூன்று மாடியாகவே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, பெற்றுக்கொண்டதாக நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகலும் வைத்திருந்தார்கள். என் கையெழுத்துதான். திறப்பு விழா அவசரத்தில் நீட்டிய தாளிலெல்லாம் போட்டிருந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவரோ வருகைப் பதிவேட்டை வாங்கிக்கொண்டு போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

எங்கள் வாசிப்பு அறைக்கு மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மதியம் இரண்டு மணிக்கு மேல் பேப்பர் படிப்பவர்கள் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வார்கள். வெயில் படாத ஒரே இடம் அந்தப் படிக்கட்டு. முதலில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் அங்கே போனார்கள். அப்புறம் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர். மாதக் கடைசியில் படிக்கு ஒருவர் என்று நிறைந்துவிட்டது. ஏழாம் படிக்குச் சண்டை வந்ததும் அந்த அம்மா ஒரு நோட்டுப் போட்டுப் படி ஒதுக்கத் தொடங்கினார்.

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு நாலாம் படி. நேத்து ஒம்பதுல ஒக்காந்தீங்கல்ல," என்று விவசாயியிடம் சொல்வது கீழே என் மேசை வரை கேட்கும்.

ஆய்வுக்கு அதிகாரி வந்தார். நல்ல உயரம். எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் விறுவிறுவென்று ஏறி, கூரையில் தலையை இடித்துக்கொண்டு, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டே, புத்தகமும் கையுமாக இருந்த வரிசையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் நடத்துறீங்க. எடம்தான் பத்தல," என்றார்.

நான் தலையாட்டினேன். மூன்றாம் மாடி சிறப்பாக இயங்குவதாகவும், இருக்கை வசதி போதாதென்றும் அறிக்கை எழுதினார். அடுத்த மாதம் இருபது நாற்காலி வந்து இறங்கியது.

போன வருஷம் அந்த அம்மாவுக்குச் சொந்த ஊருக்கே மாறுதல் கிடைத்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அங்க மாடியே இல்ல, போயி தரையிலதான் சார் ஒக்காரணும்," என்றார்.

கடைசி நாளில் வாசகர்கள் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை கைமாற்றி அனுப்பிய இனிப்புப் பெட்டி, என்னிடம் வந்து சேர்ந்தபோது காலியாக இருந்தது.