பாட்டனார் பெயர்

ஓய்வுபெற்று, மனைவியும் போய்விட்ட பிறகு, கெலிஓயாவில் தனியாக இருக்கும் மோகனராஜுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரம். அன்றுதான் மகள் நிலூஷா மொன்றியலிலிருந்து வீடியோவில் வருவாள்.

அந்த ஞாயிறு, நிறைமாத வயிற்றோடு இருந்தவள், கணவன் லூக்கின் தாய் எலேனைப் பற்றிச் சொன்னாள். எலேன் தன் முன்னோரைத் தேடிப் பன்னிரண்டு தலைமுறை போய்விட்டார். 1665இல் பிரான்ஸிலிருந்து கியூபெக்குக்குக் கப்பலேறிய பியேர் கோத்தியே என்ற சிப்பாய்தான் தொடக்கம். படையில் ஒவ்வொருவனுக்கும் பட்டப்பெயர் உண்டாம், அவனுக்கு லாரோஸ். தேவாலய ஏடுகளில் ‘கோத்தியே என்கிற லாரோஸ்’ என்றே இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் கோத்தியே ஆனார்கள், பாதிப்பேர் லாரோஸ். எலேன் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, எட்டு வருடம் யார் யாருடைய கல்லறையையோ படமெடுத்திருக்கிறார்.

“ஆம்பளப் புள்ளைக்கு மூணு பேர் வைப்பாங்கப்பா. முதல்ல ஜோசப். நடுவுல ஞானத்தகப்பன் பேர். கடைசியிலதான் கூப்பிடுற பேர். நடுவுல நம்ம பக்கத்துப் பூட்டன் பேர வைக்கலாம்னு அத்தையே சொல்லிட்டாங்க. ஜோசப் வீரசிங்கம் எமில். எப்படி? பாவம், யாழ்ப்பாணத்து மனுசன் ரெண்டு வெள்ளைக்காரங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாரு.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மோகனராஜ்.

வீரசிங்கம் என்று அவர் குடும்பத்தில் யாரும் இருந்ததில்லை. கண்டிக் கந்தோரில் அவருக்கு மேலே இருந்த பிரதம இலிகிதர்தான் வீரசிங்கம். அவர் உள்ளே வந்தால் எல்லாரும் எழும்பக் கதிரைகள் நகரும். 1991இல் நிலூஷா பிறந்தபோது, பிறப்புப் பதிவில் பாட்டனாரின் பெயரும் பிறந்த ஊரும் எழுதும் கட்டம் வந்ததும் மோகனராஜின் வாயில் வந்தது அந்தப் பெயர். ஊர், யாழ்ப்பாணத்து இணுவில். உண்மையான பாட்டனார் இருளப்பன் அப்போது ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் மகளை யாரும் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் எண்ணம். தன் பெயருக்கு முன்னால் நின்ற ‘இ’யையும் இணுவில் என்றே மகளிடம் சொல்லிவைத்தார்.

அந்த அழைப்பிலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த ஞாயிறு எலேனும் திரையில் வந்து கைகூப்பினார். அவர் முன்னால் எப்படி? அதற்கடுத்த ஞாயிறு நிலூஷா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்து நாள் கழித்துப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. நடுவில் வீரசிங்கம்.

அதைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டு, வீரசிங்கம் யார், இருளப்பன் யார் என்று சொன்னார்.

“பதிஞ்சாச்சேப்பா…”

“மாத்த முடியாதா?”

“முடியும். லூக்கிட்ட என்னன்னு சொல்லட்டும்? எங்கப்பாவோட பெரிய கிளாக்கர் பேரத்தான் உங்க மகனுக்கு வச்சிருக்கோம்னா?”

மறுநாள் அவளே கூப்பிட்டாள். எலேன் கோபப்படவில்லையாம். குடும்பப் புத்தகத்தில் ‘வீரசிங்கம் என்கிற இருளப்பன்’ என்று எழுதிவிடலாம், தங்கள் வழக்கத்தில் அதற்கு இடமுண்டு என்றாராம்.

பொய் முன்னால் நிற்கிறது. பெற்றவர் அதன் பின்னால் பட்டப்பெயராக வருகிறார்.

“இருளப்பன்னு மட்டும் எழுதச் சொல்லும்மா.”

“அப்ப புள்ள பேரு யாரு பேருப்பா?”

பிறகு அவளே கேட்டாள்: “தாத்தாவுக்கு இது தெரியுமா?”

1991இல், நிலூஷா பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும், இருளப்பன் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பிள்ளையைத் தூக்குமுன் இரண்டு தரம் கை கழுவினார். பிறகு அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

“எம் பேரு எங்கடா இருக்கு?”

மோகனராஜ் பாட்டனார் பெயர்க் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டினார். இருளப்பன் குனிந்து பார்த்தார். “நல்லா பெருசாத்தான் எழுதியிருக்கான்” என்றார். அடுத்த தைக்கு அவர் இல்லை.

“தெரியாதும்மா” என்று மட்டும் மகளிடம் சொன்னார் மோகனராஜ். விரல் வைத்துக் காட்டியதைச் சொல்லவில்லை.