அண்ணன் சொன்ன பாரிஸ்

பாரிஸில் தனியாக இருக்கும் அண்ணன், நான் அங்கே போனால் பார்க்க வேண்டிய இடங்களைத் தொலைபேசியில் சொல்வார். தேதி போட்டு நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன். முதல் வாரம் கோபுரம், அருங்காட்சியகம், வெங்காய சூப் கடை. "ராத்திரி ஆத்தோரம் நடக்கணும்டா, வெளக்கு அவ்வளவு அழகு" என்றார். அடுத்த இரண்டு வாரமும் அதே சூப் கடை, அதே ஆறு.

நேற்று புதிதாகச் சொன்னார். "சூப்பக் குடிச்சிட்டு அரசலாத்துப் பாலத்தத் தாண்டு. மாதா கோயில் வரும். பின்னாலயே நம்ம வீடு."

என் பேனா நின்றது. அரசலாறு காரைக்காலில் ஓடுகிறது. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இப்ப எங்கண்ணே இருக்கீங்க?"

"பாலத்துலதான்டா நிக்கிறேன். வீட்டுக்கு வந்துட்டிருக்கேன். ரொம்பக் குளுருது."

அவர் குரலுக்குப் பின்னால் வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன.