தேங்காய்க்குப் பத்து மணி நேரம்

எங்கள் கோழஞ்சேரியிலிருந்து யார் வெளிநாடு கிளம்பினாலும் முதல் நாள் ஏலியாம்மா வீட்டுப் படியேற வேண்டும். பெட்டியில் போகிற மீனெல்லாம் அவள் கைப்பக்குவம். ஒரே கேள்விதான் கேட்பாள்: "எத்தனை மணி நேரம்?" துபாய் என்றால் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் மோளியையே கல்லாக உறையவைத்துக் கொடுப்பாள். பத்து மணி நேரம் தாண்டினால் தேங்காய் கிடையாது. குடம்புளி போட்டு வற்றவைத்த மீன்தான். டொரன்டோ போகிற மாப்பிள்ளை ஒருவர் மோளிக்குக் கெஞ்சியபோது, "வழியில கெட்டுப்போனா உங்க மாமியார் என்னையில்ல திட்டுவாங்க" என்று விரட்டிவிட்டாள்.

அவள் மகள் டிஞ்சு டப்ளினில் நர்ஸ். நான்கு வருஷமாகக் கூப்பிடுகிறாள். "எனக்கு இங்க நூறு வேலை" என்று சொல்லி, இவள் யார் பெட்டியிலாவது ஒரு பொட்டலம் அனுப்பிவிட்டு இருந்துவிடுவாள். விமானம் ஏற ஏலியாம்மாவுக்குப் பயம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன டிசம்பரில் டிஞ்சுவுக்கு எட்டு மாசம். எதைத் தின்றாலும் குமட்டுகிறது, அம்மச்சி (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) வைத்த மோளி என்றால் இறங்கும் என்று போனில் அழுதாள். மோளியை அடுத்தவர் பெட்டியில் நம்பி அனுப்ப முடியுமா? எங்கேயாவது வெயிலில் வைத்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல் இவளே டிக்கெட் எடுத்தாள்.

டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டது நான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள்.

"கொச்சியில காலைல நாலே கால். டப்ளின்ல மத்தியானம் ஒண்ணே கால். ஒன்பது மணி நேரம். தாராளமா மோளி கொண்டு போ."

"எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்ங்கறாங்களே டீச்சர்? நடுவுல தோஹாவுல வேற இறங்கி ஏறணுமாம்."

"பிளேன் என்ன மாட்டுவண்டியா?"

அதோடு வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலும் என்னிடம் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அதுதான் வினை.

அங்கே ஒரு நேரம், இங்கே ஒரு நேரம் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை. தோஹாவில் மாறி ஏறிய பிளேனில், ஊர் நேரம் காட்டிய கைக்கடிகாரத்தில் ஒண்ணே கால் ஆனதும் ஏலியாம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறாள். பக்கத்துச் சீட்டுக் கோட்டயத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"டப்ளின் வந்தாச்சில்ல?"

"இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்கு. அங்க இப்பதான் காலைல ஏழே முக்கால். உட்காருங்க, நடுவானத்துல இறக்கிவிட மாட்டாங்க."

விமான பயமெல்லாம் அந்த நிமிஷமே பறந்துவிட்டதாம். மிச்ச வழி முழுக்க மோளிக்காக ஜெபம், நடுநடுவே எனக்கு வசவு. திரும்பி வந்து அவளே சொன்னாள், வசவையும் ஒன்று விடாமல்.

மகள் வீட்டில் டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை. டிஞ்சு கரண்டியை எடுப்பதற்குள் ஏலியாம்மா டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"வாய்விட்டுக் கேட்டது ஒண்ணு. அதையும் உனக்குக் கொடுக்க முடியலையேடி."

டிஞ்சு அலமாரியைத் திறந்தாள். உள்ளே தேங்காய்ப்பால் டின் நாலு. ஃபிரிட்ஜில் முழுசாக ஒரு மீன்.

"இதெல்லாம் இங்க கிடைக்குமா?"

"தெருமுனைக் கடையில."

"அப்புறம் எதுக்குடி மோளி மோளின்னு என் உயிரை வாங்கினே?"

"பொட்டலமா அனுப்ப முடியாததா பார்த்துக் கேட்டேன், அம்மச்சி. அனுப்ப முடிஞ்சிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

ஏலியாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் வெட்டக் கத்தி கேட்டாள்.